கோரைப் பக்கம் நீட்டிய கைபேசி

அன்று காலை அமல்ராஜின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது, மஞ்சக்குப்பத்து டீக்கடையில் நான் வழக்கம்போல ஊர்வம்பில் இருந்தேன். கையைக் காட்டி எல்லாரையும் அடக்கிவிட்டு, போனைக் காதில் ஒட்டிக்கொண்டு ஒதுங்கினேன். 'ஹலோ' சொல்லவில்லை. எங்களுக்குள் அந்த வழக்கம் கிடையாது. அவரோடு ஏரிக்கரைகளில் நின்ற உங்களில் சிலருக்கு இது தெரிந்திருக்கும். எங்காவது ஒரு பறவை கத்தினால், சிதம்பரத்திலிருந்து எனக்குப் போன் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனைக் கோரைப் பக்கம் நீட்டிவிடுவார். கேட்டுவிட்டுப் பெயர் சொல்வது என் வேலை. பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வேன். அவர் திட்டுவார். அதன்பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும்.

அன்று எதுவும் கத்தவில்லை. யாரோ மூச்சு விடும் சத்தம் மட்டும் வந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கத்தலியே மச்சான்?" என்றேன்.

"அண்ணே, நான் ஸ்டெல்லா." அமல்ராஜின் மனைவி. "அவரு போயிட்டாருண்ணே."

ஏரிக்குக் கிளம்ப ஷூ போட உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு. ஒரு காலில் ஷூ இருந்தது என்று அவள் சொன்னபோது, "எந்தக் கால்?" என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "இடது" என்று அவளும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

நாங்கள் சிநேகிதமானதே என் அறியாமையால்தான். பறவை பார்க்கிறவர்களைக் கிண்டலடித்து ஒரு பத்திரிகையில் எழுதியிருந்தேன். அதில், நெற்றியில் வெள்ளை தீட்டிக்கொண்டு நீந்தும் நாமக்கோழியை 'ஒரு வகை வாத்து' என்று போட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கழுத்தில் பைனாகுலர் தொங்க ஒரு வங்கி அதிகாரி சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, விசாரித்து, டீக்கடையில் என்னைப் பிடித்தார்.

"கிண்டல் பண்ணுங்க சார், அது உங்க தொழிலு. வாத்துன்னு மட்டும் சொல்லாதீங்க. அது காலப் பாத்திருக்கீங்களா நீங்க?"

என் வாசகர்களில் ஒருவர் அடிக்கவே வந்துவிட்டார் என்று பயந்துபோனேன். கையோடு பெருமாள் ஏரிக்கு இழுத்துப்போய், கரையேறி நின்ற ஒரு நாமக்கோழியின் விரல்களில், வாத்துக்குப்போல ஒன்றாகச் சேராமல் தனித்தனி மடலாக விரிந்த தோலைக் காட்டினார். நான் ஒப்புக்கொண்ட பிறகுதான் டிபன் கிடைத்தது.

"நாமம் போட்ட பறவையைக் காட்ட ஒரு கிறிஸ்தவர் வரணும்னு என் தலையில எழுதியிருக்கு" என்றேன்.

"அது நடராஜர் ஊர்ப் பக்கமே நாமத்தோட நீந்துது மச்சான். அந்தத் தைரியம் நமக்கு வருமா?" என்றார். சாராக இருந்தவன், இட்லி முடிவதற்குள் மச்சானாகியிருந்தேன்.

நாமக்கோழி, தாழைக்கோழி, கானாங்கோழி எல்லாம் ஒரே குடும்பம் என்பதை அவரிடம்தான் கற்றேன். கானாங்கோழி ஒளிந்து வாழும் பிறவி என்பதைக் கற்றது சிதம்பரம் பக்கமுள்ள கிள்ளை என்ற ஊரில். அங்கே ஒரு வாய்க்கால் ஓரத்தில் அது கத்திக்கொண்டே இருந்தது. பார்த்தே தீருவேன் என்று இறங்கினேன். முழங்கால்வரை சேறு. ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கரையில் நின்று அமல்ராஜ் சொன்னார்: "அதுக்கு உடம்பு பக்கவாட்டுல தட்டையா இருக்கும். ரெண்டு கோரைக்கு நடுவுல அலுங்காமப் பூந்து போயிடும். நீ பூந்தா கோரை மொத்தமும் சாஞ்சிடும். மேல வா."

"பாக்காம எப்படி மச்சான் நம்புறது?"

"கேட்டாப் போதும். உள்ள இருக்குன்னு தெரிஞ்சுபோச்சில்ல? இன்னும் என்ன வேணும் உனக்கு?"

அவர் வெளிநாடு போனதில்லை. ஆனால் உலகம் பூராவும் இருந்த அந்தக் குடும்பத்தைப் பற்றி, எனக்குப் பிடித்தமாதிரி வம்பாகவே பேசுவார். "வீராணத்துல நீலமா, சிவப்பு மூக்கோட திரியுதே தாழைக்கோழி, அதுக்குப் பெரியம்மா ஒருத்தி நியூசிலாந்துல இருக்கா. குண்டு. பறக்க வராது. செத்துட்டான்னு எல்லாரும் முடிவு பண்ணி, அரை நூற்றாண்டு கழிச்சு மலை ஏறிப் பாத்தா, புல்லு மேஞ்சுகிட்டு நிக்கிறா!"

தென் அமெரிக்க மலையுச்சியில், அலகால் கல் கல்லாகத் தூக்கிவந்து ஏரிக்குள் போட்டு, தானே ஒரு திட்டு கட்டி அதன்மேல் கூடு வைக்கும் நாமக்கோழி உண்டாம். "எங்க பேங்க்ல லோனே கேக்கல மச்சான்!"

தீவுகளுக்குப் பறந்துபோய், அங்கே பயப்பட ஆளில்லாமல் இறக்கையை மறந்த கானாங்கோழிகள் ஏராளம். கப்பலில் வந்த எலிக்கும் பூனைக்கும் அவற்றில் பல இரையாகி அற்றுப்போயின. அவற்றின் பெயர்களைச் சொல்லும்போது மட்டும் கிண்டல் இருக்காது. தப்பிப் பிழைத்த ஒன்று, தெற்கு அட்லாண்டிக்கில், ஆள் ஏறவே சிரமப்படும் ஒரு தீவில் இருக்கிறது. கோழிக்குஞ்சு அளவுதான். உலகத்தில் பறக்காத பறவைகளிலேயே அதுதான் சிறியது.

"பாவம், தனியா" என்றேன்.

"தனியா இருக்குன்னு யாரு சொன்னா? புல்லுக்குள்ள ஒண்ண ஒண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும்."

நான் ஒற்றை அறையில் வாழும் கட்டைப் பிரம்மச்சாரி. அவர் எந்தப் பறவையைச் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவருடைய போன் அடிக்கடி வந்தது என்று மட்டும் தெரியும்.

கல்லறைத் தோட்டத்தில் அவருடைய வங்கி நண்பர் ஒருவர், "நீங்க சாருக்கு என்ன வேணும்?" என்று விசாரித்தார். "மச்சான்" என்றேன். அவர் என் நெற்றி விபூதியைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார், மரியாதையாக நகர்ந்துவிட்டார்.

எனக்குப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. டீக்கடை முழுக்க ஆட்கள்தான். போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்கத்தான் ஆளில்லாமல் போய்விட்டது. கெடிலம் ஆற்றோரத்துக் கோரையில் கானாங்கோழி கத்தும்போதெல்லாம் விரல் பழக்கத்தில் அவர் எண்ணை அழுத்திவிடும். மணி முழுசாக அடித்து ஓயும். அந்த நியூசிலாந்துப் பெரியம்மாவை நினைத்துக்கொள்வேன். அரை நூற்றாண்டு காத்திருக்க எனக்கு வயதில்லை.

சர்ச்சில் முப்பதாம் நாள் பூசை முடிந்து ஸ்டெல்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "உங்க மிஸ்டு கால் வருதுண்ணே. அவரு போனுக்கு நான்தான் சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். எடுக்கத்தான் மாட்டேங்குறேன். எடுத்தா பேசணுமில்ல?"

"நாங்க என்னைக்கும்மா எடுத்ததும் பேசினோம்?" என்றேன்.

போன வாரம் ஒரு காலையில் கானாங்கோழி ஓயாமல் கத்தியது. எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போனைக் கோரைப் பக்கம் நீட்டினேன். அவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்திய அந்தப் பாவி, அந்த நிமிடம் பார்த்து வாயை மூடிக்கொண்டது. பாலத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தோள் வலித்தது. அமல்ராஜ் எனக்கு விட்டுப்போனது இதுதான் என்று தோன்றியது: கையை நீட்டியபடி வாய் திறக்காமல் நிற்பது. வாயை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது லேசில் வந்ததில்லை.

நீட்டிய கையிலிருந்து சின்னதாக ஒரு குரல் வந்தது.

"ஒண்ணும் கத்தலியேண்ணே?"

"இரும்மா" என்றேன். "உள்ளதான் இருக்கு."

அவள் வைக்கவில்லை.