ஓவர் சொல்லாமல் விட்ட கேள்வி

அறுபது வயதுவரை அப்பா கடலில் இருந்தது எங்களுக்காகவா, அவருக்குப் பிடித்ததாலா? இன்றும் எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை, அதாவது என் கணவர், கேட்டதும் அப்பா தன் பழைய கப்பல் பெட்டியைக் கொடுத்தனுப்பிவிட்டார். நேற்று திறந்தேன். டீசலும் அந்துருண்டையும் கலந்த அதே வாடை. எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

அப்போது அப்பா கடற்படையிலிருந்து விலகி, சரக்குக் கப்பலில் சேர்ந்திருந்தார். செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்கார அம்மாவிடம்தான் போன் இருந்தது. ஒருமுறை கப்பலிலிருந்து ரேடியோ வழியாகக் கூப்பிட்டார். ஒருவர் பேசி முடித்து "ஓவர்" சொன்னால்தான் மற்றவர் பேசலாம். அம்மா அதற்கே வெட்கப்பட்டு ரிசீவரை என்னிடம் தந்துவிட்டாள்.

"எப்பப்பா வருவே?" என்றேன். இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஐய, இன்னா முழிச்சிகினு நிக்கிற? ஓவர் சொல்லு பாப்பா!" என்று வீட்டுக்கார அம்மா கத்தினாள். நான் வாய் திறப்பதற்குள் லைன் போய்விட்டது.

வர இஷ்டமில்லாமல்தான் அப்பா பேசவில்லை என்று ஏழு மாதம் நம்பினேன். வந்ததும் கேட்டேன்.

"நீதான் ஓவரே சொல்லலியே கண்ணு!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இரண்டே மாதத்தில் மறுபடி கிளம்பிவிட்டார்.

இப்போது கணவரும் கப்பலில் சேரத் துடிக்கிறார். "போர்ட்டுக்குப் போனா செல்போன்ல பேசப் போறேன், இதுக்குப் போயி பேஜார் பண்றியே" என்கிறார். மகளுக்கு மூன்று வயது. அவளுக்காகத்தான் தடுக்கிறேனா, அப்பா மேலுள்ள கோபத்தை இவரிடம் காட்டுகிறேனா?

ஞாயிற்றுக்கிழமைக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். கப்பல்காரரைக் கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்களேன்.