வாகைமரத்துக்குக் குச்சி பிடித்தது யார்?

இருபத்தாறு வருடம் நில அளவைத் துறையில் அளவுகோல் பிடித்ததால் அவளுக்குக் குச்சியக்கா என்று பெயர். ஆபீசில் யாரோ விளையாட்டாக வைத்த பெயர் தெருவரைக்கும் வந்து, கடைசியில் கட்டிய புருஷனே அப்படிக் கூப்பிடும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. சர்வேயர் முக்காலியின் மேல் கருவியை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். நூறடி தள்ளி, சிவப்பும் கறுப்புமாக எண் எழுதிய கோலை இவள் ஆடாமல் அசையாமல் நிறுத்திப் பிடிக்க வேண்டும். கோல் கொஞ்சம் சாய்ந்தாலும் அளவு பொய்யாகிவிடும். அந்தப் பொய்யை யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. கருவியில் பார்ப்பவருக்கு எண் மட்டும்தான் தெரியும், அது எப்படிப் பிறந்தது என்று குச்சி பிடிப்பவளுக்குத்தான் தெரியும்.

இதனாலோ என்னவோ, எந்த எண்ணையும் அவள் சும்மா நம்ப மாட்டாள். கடையில் தராசை நிறுத்தச் சொல்லி முள்ளைக் குனிந்து பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்தால், "அந்தக் கையிலயும் ஒருதடவை பாருங்க" என்பாள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அவள் புருஷன், "நல்லவேளை, நம்ம கல்யாணத்துக்கு ஜாதகம் பாக்கல. பாத்திருந்தா இவ கிரகத்தையெல்லாம் மறுபடி அளக்கச் சொல்லியிருப்பா" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர்கள் வீடு விமான நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. ஓடுபாதையின் கடைசி விளக்கு மொட்டைமாடியிலிருந்து தெரியும். விமானம் இறங்கும்போது பேச்சைப் பாதியில் நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வது அந்தத் தெருவில் எல்லோருக்கும் பழக்கம். வீட்டு மூலையில் ஒரு வாகைமரம் நின்றது. யாரும் நடவில்லை, தானாக முளைத்துத் தானாக வளர்ந்தது. சமையலறையின் தகரக் கூரை மத்தியானத்தில் கொதிக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒரு ஆள் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். விமானப் பாதைக்காக விதித்த உயர வரம்பைவிட வாகைமரம் தொண்ணூறு சென்டிமீட்டர் அதிகம் இருக்கிறது. முப்பது நாளில் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களே வந்து வெட்டுவார்கள்.

மரம் வெட்டுகிறவரை வரவழைத்தாள். அவர் கழுத்தை வளைத்து மேலே பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அந்த உயரத்துலதான் கவடு பிரியுது. அங்க வெட்டினா தண்ணி இறங்கி ரெண்டா பிளந்துக்கும். அடியோட எடுத்துடறதுதான் நல்லது."

அவர் போனதும் அவள் கடிதத்தை நாலுமுறை படித்தாள். அவள் மனதைக் குடைந்தது ஒரே கேள்வி.

"இந்த மரத்துக்குக் குச்சி பிடிச்சது யாரு?"

"என்னைக் கேட்டா?" என்றார் புருஷன்.

"யாரும் வரல. நான் வீட்டுலயேதான இருக்கேன். கோல் இல்ல, கருவி இல்ல, ஆள் இல்ல. தொண்ணூறு சென்டிமீட்டர்னு மட்டும் எப்படி வந்துச்சு? யாரோ போய் ஓதியிருக்காங்க."

யாரோ என்று சொன்னாளே தவிர, கண் பக்கத்து வீட்டு மதில்மேல் போனது. அங்கே இருந்தது அவள் கொழுந்தன். வெல்டிங் பட்டறை வைத்திருந்தான். இலையெல்லாம் பட்டறைக் கூரையில் விழுகிறது என்று போன வருடம் முணுமுணுத்திருக்கிறான். அதோடு, முன்பெல்லாம் காலையும் மாலையும் "அண்ணி" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருகிறவன், இரண்டு மாதமாக வாசல்படி மிதிக்கவில்லை. எதிரே பார்த்தாலும் செல்போனைப் பார்ப்பதுபோல் போய்விடுகிறான்.

"ரெண்டு மாசம் முன்னாடி அவனை விமான நிலைய ஆபீஸ் வாசல்ல பாத்தேன்" என்று புருஷன் வாய்தவறிச் சொன்னார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் அப்போதே மதிலருகே போனாள். கொழுந்தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிமிர்ந்தான்.

"விமான நிலைய ஆபீஸ் படி ஏறினியா இல்லையா?"

"ஏறினேன். அதுக்கென்ன அண்ணி இப்ப? நான் எதுக்குப் போனேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நல்லாத் தெரியுது" என்று திரும்பிவிட்டாள். அவன் முகத்தில் இருந்தது பயம் இல்லை, கோபம். அதைக் கவனித்தாள். ஆனாலும், மாட்டிக்கொண்டவன் கோபப்படுவது சகஜம் என்று அதையும் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் விமான நிலையத்தின் உயரப் பிரிவு அலுவலகத்துக்குப் போனாள். சுவர் நிறைய ஒரு வரைபடம். ஓடுபாதையைச் சுற்றி மஞ்சளும் பச்சையுமாகப் பட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். அதிகாரி முப்பத்தைந்து வயதுப் பெண். பொறுமையாகத்தான் பேசினார்.

"ஓடுபாதையிலிருந்து ஒரு சாய்வான கூரை மேல ஏறிக்கிட்டே போகுதுன்னு நினைச்சுக்கோங்க. அந்தக் கூரையை எதுவும் முட்டக் கூடாது. உங்க தெருவுல அது கடல்மட்டத்துக்கு மேல நாப்பத்தோரு மீட்டர்ல இருக்கு. மரமா இருந்தாலும் சரி, மாடியா இருந்தாலும் சரி, தண்ணித் தொட்டியா இருந்தாலும் சரி."

"யார் புகார் கொடுத்தாங்க?"

"யாரும் கொடுக்கலம்மா. அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை ஆகாயத்துலேருந்து படம் எடுத்துப் பாப்போம். உங்க மரம் தரையிலேருந்து பன்னெண்டு மீட்டர் எண்பது."

அவள் நம்பவில்லை. புகார் கொடுத்தவர் பேரை எந்த ஆபீசில் சொல்வார்கள்? வீட்டுக்கு வந்து, மூன்று மீட்டர் கம்பு ஒன்றை வெயிலில் நிறுத்தி அதன் நிழலை அளந்தாள். மரத்தின் நிழலையும் அளந்தாள். புருஷன் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடிச்ச கைக்கு இந்தக் கதி" என்று அலுத்துக்கொண்டார். கணக்குப் போட்டதில் பன்னிரண்டு எழுபது வந்தது. படம் பொய் சொல்லவில்லை.

ஆனால் கடல்மட்டத்துக்கு மேல் தரை எவ்வளவு உயரமோ, அதோடு மரத்தைக் கூட்டித்தான் வரம்பு பார்க்கிறார்கள். அப்படியென்றால் தரையின் எண் எங்கிருந்து வந்தது? மறுபடி ஆபீசுக்குப் போய்க் கேட்டாள். பழைய நில அளவைப் பதிவேட்டிலிருந்து எடுத்தது, அந்தத் தெருவுக்கு ஒரே ஒரு புள்ளிதான் இருக்கிறது என்றார் அதிகாரி. அந்தப் பக்கத்தின் நகல் வேண்டும் என்றாள். நகல் வாங்கியவர் பதிவில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடப்போனவள் நின்றாள். இதே பக்கத்தின் நகலை இரண்டு மாதத்துக்கு முன்பே ஒருவர் வாங்கியிருந்தார். அது கொழுந்தனின் கையெழுத்து. காரணம் என்ற கட்டத்தில், 'இரண்டாம் மாடி அனுமதி மறுப்பு' என்று எழுதியிருந்தது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் மாடி கட்ட மனுப் போட்டதே அவளுக்குத் தெரியாது.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து நகலை விரித்தாள். செத்துப்போன பழைய சர்வேயரின் கோழிக்கிறுக்கல் கையெழுத்து. 'சின்னப் பாலம் அருகே, சாலை ஓரம், 29.10.' அதன் கீழே தேதி. அதற்கும் கீழே 'கோல்' என்று எழுதி, நேரே அவளுடைய இரண்டு முதலெழுத்துகள்.

தேதியைப் பார்த்ததும் நகலை மடியில் வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினாள். அவள் பெண் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு. விடாமல் மழை பெய்த வாரம். சாலை ஓரம் முழுக்கச் சேறும் தண்ணீருமாகக் கிடந்தது. ஏழு மாத வயிற்றோடு அந்தச் சேற்றில் இறங்கினால் விழுந்துவிடுவோம் என்று பயந்து, பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் கோலை வைத்துப் பிடித்தாள். நடுவே புதர் இருந்ததால் சர்வேயருக்குக் கோலின் அடி தெரியவில்லை. "கீழ வச்சிட்டியா?" என்று கத்தினார். "வச்சாச்சு" என்று கத்தினாள். பேறுகாலம் நெருங்குகிறவளை வேலைக்கு வைத்துக்கொள்வதே பெரிய விஷயம், சேற்றில் இறங்க மாட்டேன் என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு தெருவோரப் புள்ளிதானே, யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று அன்றைக்குத் தோன்றியது. அப்போது அங்கே வீடே கிடையாது. ஐந்து வருடம் கழித்து மனை மலிவாகக் கிடைக்கிறது என்று அந்தத் தெருவுக்கே குடிவந்தபோதுகூட அது ஞாபகத்துக்கு வரவில்லை.

பேருந்திலிருந்து இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பாலத்துக்குப் போய், பையில் எப்போதும் வைத்திருக்கும் நாடாவை எடுத்துச் சுவரை அளந்தாள். ஒரு மீட்டர் எட்டு சென்டிமீட்டர். தெருவை அவள் அவ்வளவு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியிருந்தாள். அதைக் கழித்தால் வாகைமரம் வரம்புக்குப் பதினெட்டு சென்டிமீட்டர் கீழே நின்றது.

புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நகலை மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"பழசைக் கிளறாத. மறு அளவு வேணும்னு மட்டும் எழுதிக் கொடு. காரணம் எதுக்கு?"

"காரணம் எழுதலைன்னா வரிசையில போடுவாங்க. எட்டு மாசம் ஆகும். மரத்துக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருக்கு. அதோட, அவன் மாடியும் இதனாலதான் நின்னுபோச்சு."

மாலையில் கொழுந்தன் பட்டறைக்குப் போனாள். அவன் வேலையை நிறுத்தவில்லை. அவள் நகலை எடுத்து மேஜைமேல் வைத்த பிறகுதான் நிமிர்ந்தான்.

"இது உங்க எழுத்துதான அண்ணி?"

"என் எழுத்துதான்."

"வேணும்னு செஞ்சீங்களோன்னு நினைச்சேன். நான் மாடி எடுத்தா உங்க மரத்துக் கிளையை வெட்டணும். துறையில இருந்தவங்க, உள்ள ஆள் இருக்கும், எண்ணை மாத்த முடியும்னு..."

"தேதியைப் பாத்தியா? உனக்கு அப்ப மீசைகூட முளைக்கலடா."

"பாத்தேன். தேதியையும் மாத்தியிருக்கலாம்ல?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. தன்னைவிட ஒரு படி மேலே போய்ச் சந்தேகப்பட ஒரு ஆள் பக்கத்து வீட்டிலேயே இருந்திருக்கிறான். மழையையும் சேற்றையும் சுவரையும் சொன்னாள். அவன் கையுறையைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இதை ஏன் என்கிட்ட சொல்றீங்க? பேசாம இருந்திருந்தா யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுதே."

அவன் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டான். மன்னித்தானா இல்லையா என்று அவன் முகத்திலிருந்து அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் அதிகாரியின் முன்னால் எழுத்தில் கொடுத்தாள். அவர் இரண்டுமுறை படித்தார். முதல்நாள் இருந்த கனிவு குரலில் இல்லை.

"இத்தனை வருஷம் சொல்லாம, உங்க மரத்துக்கு நோட்டீஸ் வந்த பிறகு சொல்றீங்க. இதை நான் எப்படிம்மா நம்பறது?"

"நம்பாதீங்க மேடம். அளந்து பாருங்க."

"அளக்கத்தான் போறோம். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். வேற எங்கயாவது இப்படிச் செஞ்சிருக்கீங்களா?"

"இல்ல மேடம்" என்றாள். சொல்லும்போதே அந்தக் குரல் தனக்கே சரியாகப் படவில்லை. இருபத்தாறு வருடத்தில் எத்தனை மழை, எத்தனை வெயில், எத்தனை காய்ச்சல் நாள். ஞாபகம் இருப்பதுதானே இல்லை என்று சொல்கிறது. மறந்துபோனது என்ன சொல்லும்?

ஐந்தாம் நாள் அளவை ஆட்கள் வந்தார்கள். கோல் பிடிக்க வந்தவர் நாற்பது வயதுக்காரர், வாய் நிறையப் பேச்சு. சாலை ஓரம், சுவருக்குக் கீழே தரையில்தான் கோலை வைத்தார். குச்சியக்கா எதிர்த்திண்டில் நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது.

"அண்ணே, கோல்ல மட்டம் காட்டுற குமிழி நடுவுல இல்ல."

"எல்லாம் இருக்கும்மா."

"இல்ல. உங்க பக்கம் ஒரு நூல் சாயுது."

அவர் குனிந்து பார்த்தார். சாய்ந்துதான் இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே நிமிர்த்தினார். தரை 28.02 என்று வந்தது.

நோட்டீசைத் திரும்பப் பெற்றார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மரத்தை அளப்போம், வரம்பைத் தொட்டால் நுனியைக் கழிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக்கொண்டே வந்தால் கவட்டுக்கு ஆபத்தில்லை என்று மரம் வெட்டுகிறவர் சொன்னார். கொழுந்தனுக்கும் அனுமதி கிடைத்தது. அதிகாரி அதோடு விடவில்லை. அந்த வட்டாரத்தில் குச்சியக்காவின் முதலெழுத்து இருந்த பத்தொன்பது புள்ளிகளையும் மறுபடி அளக்க உத்தரவு போட்டார். தானும் வருகிறேன் என்று அவளாகவே கேட்டு, பதினோரு நாள் கூட நடந்தாள். ஒவ்வொரு இடத்திலும் எண் வரும்வரைக்கும் கோலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பத்தொன்பதும் இரண்டு விரல்கடைக்குள் சரியாக இருந்தன. கடைசிப் புள்ளி முடிந்ததும், சாலையோரக் கல்லில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். கோல் பிடித்தவர் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொழுந்தனின் மாடி ஆறு மாதத்தில் எழும்பியது. "அண்ணி" என்ற குரல் மெல்லத் திரும்பி வந்தது, முன்போல் தினமும் இல்லை, வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை. தண்ணீர்த் தொட்டியை ஏற்றிய அன்று அவள் நாடாவோடு போய் நின்றாள்.

"என்ன அண்ணி, என்மேல நம்பிக்கை இல்லையா?"

"நிறைய இருக்கு. ஏணியைப் பிடி" என்று சொல்லிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே ஏறினாள்.