டொக்டர் கேட்டதும் நான் சொன்னதும்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த குறுகிய ஒழுங்கையில் எனக்கு நல்ல மவுசு இருந்தது. பதின்மூன்று வயது, ஒல்லி உடம்பு, எண்ணெய் வழியும் இரட்டைப் பின்னல். ஆனால் எனக்குச் சிங்களம் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்த ஒழுங்கையில் அறை எடுத்திருந்த பெரியவர்கள் யாருக்கும் அரசாங்கக் கந்தோரில் கதைக்கிற அளவுக்குச் சிங்களம் கிடையாது. நானோ வந்த இரண்டு வருடத்துக்குள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை பிடித்துப் பிடித்தே பாஷையைப் பிடித்துவிட்டேன். அதனால் தபால் கந்தோரா, பொலிஸ் பதிவா, கரண்ட் வெட்டிவிட்டார்களா, உடனே எங்கள் அறை வாசலில் ஒருவர் வந்து நிற்பார். "பிள்ளையை ஒருக்கா அனுப்பி விடுங்கோ" என்று அம்மாவிடம் கேட்பார்.

போய்வந்தால் ஒரு சோடா கிடைக்கும், சிலவேளை மீன் வைத்துச் சுட்ட ஒரு மாலு பாண். அதைவிட ருசியானது, நரைத்த தலைகள் எல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பது. தலைக்கனம் எனக்கு அப்போதே வந்துவிட்டது. இப்போதும் முழுதாகப் போகவில்லை என்று என் கணவர் சொல்வார்.

அப்பா கட்டாரில் வேலை செய்தார். அறையில் அம்மாவும் நானும் மட்டும்தான். அந்த வருடம் அம்மா சோர்ந்துகொண்டே போனார். மேல்மாடிக்கு ஏறும்போது பாதிப் படியில் நின்று சுவரைப் பிடித்துக்கொள்வார். உதடு வெளிறி, முகம் மாவு பூசியதுபோல் இருக்கும். காரணம் எனக்குத் தெரியும். ஒற்றை அறையில் எதை மறைப்பது? மாதத்தில் பாதி நாள் மூலைக் கொடியில், துவாய்க்குக் கீழே, அந்தத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஆனால் நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. நான் பெரிய பிள்ளையானபோது அம்மா எனக்குச் சொன்னது மொத்தமாக நாலு வசனம். அதில் மூன்று, எதைத் தொடக்கூடாது என்பது பற்றியது.

பள்ளிக்கூடமும் கைகொடுக்கவில்லை. சுகாதாரமும் விஞ்ஞானமும் எங்களுக்கு ஒரே ரீச்சர்தான் எடுத்தார். உடம்பின் வளர்ச்சி பற்றிய பாடம் வந்ததும், "இது லேசான பாடம், வீட்டில வாசியுங்கோ பிள்ளையள்" என்று சொல்லிவிட்டு, ஒரே தாவலாக மின்சுற்றுக்குப் போய்விட்டார். நாங்கள் வாசித்தோம்தான். அந்த ஒரு பாடத்தை வாசிக்கச் சொல்லி யாரும் எங்களைக் கெஞ்சவேண்டியிருக்கவில்லை. ஆனால் கொப்பிக்குள் வைத்துக் கள்ளமாக வாசிப்பது ஒன்று, நாலு பேர் முன்னால் வாயைத் திறந்து சொல்வது வேறொன்று. அந்தச் சொற்களைச் சத்தமாகச் சொல்லி நான் யாரையும் கேட்டதே இல்லை, தமிழிலும் சரி, சிங்களத்திலும் சரி.

அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் வெளிநோயாளர் பகுதிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். விடியவே போய் நம்பர் துண்டு எடுத்து, வாங்கில் இடம்பிடித்து உட்கார்ந்தோம். உள்ளே ஒரு மேசையில் இரண்டு டொக்டர்மார் இருப்பார்கள். அந்தப் பக்கம் ஒரு நோயாளி, இந்தப் பக்கம் ஒரு நோயாளி. திரை கிடையாது. வரிசையில் அடுத்து நிற்பவரின் மூச்சு உங்கள் தோளில் படும். அன்றைக்கு எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எங்கள் ஒழுங்கை மாமாமார் இருவர்.

டொக்டர் சின்ன வயதுக்காரர். அம்மாவுக்குத் தலைச்சுற்று, களைப்பு என்று நான் கடகடவென்று சொல்லி முடித்தேன். அவர் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், தணிந்த குரலில் ஒரு கேள்வி கேட்டார். மாதத்துக்கு மாதம் ஒழுங்காக வருகிறதா, எத்தனை நாள் போகிறது என்று. அவருக்கும் வெட்கம்தான் என்று இப்போது தெரிகிறது. எனக்கு இரண்டு காதும் சுட்டது. அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

"அம்மா, ஒழுங்காச் சாப்பிடுறனீங்களோ எண்டு கேக்கிறார்."

அம்மா என்னைப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து, "ஓம் எண்டு சொல்லு" என்றார்.

நான் டொக்டரிடம் திரும்பி, எல்லாம் ஒழுங்குதான், நாலைந்து நாள்தான் என்று சுத்தமான சிங்களத்தில் சொன்னேன். அவர் இரும்புச்சத்துக் குளிசை எழுதித் தந்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. ஏனென்றால் அந்த நாட்களை நினைத்தால் இனிக்கிறது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. அம்மாவுக்கு ஒரு பிளேன்டீ, எனக்குப் பால் தேத்தண்ணி. மருந்துத் துண்டை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, அம்மா தன் பள்ளிக்கூடக் கதைகளைச் சொல்லத் தொடங்குவார். பஸ்ஸில் என்னை ஜன்னல் பக்கம் விடுவார். நித்திரை தூங்கி என் தோளில் சாய்வார். சமையல் இல்லை, துணி துவைப்பு இல்லை, பக்கத்து அறை அன்ரிமார் இல்லை. அந்தக் காலை முழுக்க அம்மா எனக்கே எனக்கு. ஆஸ்பத்திரி டெட்டோல் மணம் இப்போது மூக்கில் பட்டாலும் என் மனம் துள்ளும். அம்மா இரத்தமில்லாமல் வெளிறிக் கிடந்த நாட்களை நினைத்து ஏங்குகிற மகள் நான். ஏசுகிறவர்கள் ஏசலாம்.

குளிசை முடிந்ததும் மறுபடி போனோம். வேறு டொக்டர், அதே கேள்வி. இந்த முறை நான் தயாராகவே போயிருந்தேன். அம்மாவிடம் பசியைப் பற்றிக் கேட்டேன், டொக்டரிடம் நாலைந்து நாள் என்றேன். முதல் தடவை இருந்த தடுமாற்றம்கூட இருக்கவில்லை.

மூன்றாம் முறை அம்மா படியில் தலைசுற்றி விழப்பார்த்த பிறகு போனோம். மேசையின் மறுபக்கத்தில் முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் பெண் உட்கார்ந்திருந்தார். அவருடைய டொக்டர் எழுந்து எங்கேயோ போயிருந்தார். எங்கள் டொக்டர் அதே கேள்வியைக் கேட்டார். நானும் வழக்கம்போல அம்மாவிடம் திரும்பி, சாப்பாடு எப்படி என்று கேட்டேன். அந்தப் பெண் சட்டென்று என்னைப் பார்த்தார்.

"மகள், டொக்டர் சாப்பாட்டப் பத்திக் கேக்கல்லையே. உம்மாட மாச விஷயத்தத்தானே கேட்டாரு."

மெதுவாகச் சொல்லவில்லை. வாங்கு முழுக்கக் கேட்டது. பிறகு அம்மாவின் பக்கம் சாய்ந்து, "சொல்லுங்க, எத்தின நாள் போவுது?" என்றார்.

அம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "பதினைஞ்சு. சிலவேளை இருவது" என்றார்.

மீன் நிறை சொல்வதுபோல அந்தப் பெண் அதை டொக்டருக்குச் சிங்களத்தில் சொன்னார். ஒரு கூச்சமும் இல்லை. டொக்டர் பேனையை வைத்துவிட்டு எழுந்து வந்து, அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். என்னிடம் என் வயதைக் கேட்டார். பதின்மூன்று என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால் எனக்கு அவ்வளவு நொந்திருக்காது. அந்தப் பெண்ணை மட்டும் மனதுக்குள் கண்டபடி திட்டினேன். பல வாரம் திட்டினேன்.

அம்மாவை அன்றைக்கே வார்ட்டில் விட்டார்கள். இரத்தம் ஏற்றினார்கள், ஸ்கேன் செய்தார்கள், கட்டி என்றார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு முப்பத்தாறு வயது. அப்பா வந்த பிறகு எனக்கொரு தம்பியோ தங்கச்சியோ என்று அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தவர். அந்தக் கதை அதோடு நின்றது. பார்க்க வந்த ஓர் அன்ரி, நேரத்தோடு வந்திருந்தால் மருந்தோடு போயிருக்குமோ என்னவோ என்று சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று அம்மா என்னைக் கேட்கவே இல்லை. நானாகவும் சொல்லவில்லை. ஒழுங்கையில் யாராவது கந்தோருக்குக் கூப்பிட்டால், படிக்க இருக்கிறது என்று சொல்லி ஒளிந்துகொண்டேன். உண்மையிலேயே படித்தேன்.

இப்போது நான் வெள்ளவத்தையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ரீச்சர் தாவிப்போன அந்தப் பாடத்தை நான் தாவுவதில்லை. முதல் வருடம் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே முழுப் பாடத்தையும் நடத்தி முடித்தேன், அது வேறு கதை. அந்தக் காலத்தில் ஒரு தகப்பன் வந்து, பிள்ளைகளைக் கெடுக்கிறேன் என்று அதிபரிடம் முறையிட்டார். இப்போது தாய்மார் வட்ஸ்அப் குறூப்பில், தவணைப் பரீட்சைக்கு முன் அந்த யூனிட்டை ஏன் முடிக்கவில்லை என்று என்னை உலுக்குகிறார்கள். மனம் மாறியதா, மார்க்ஸ் ஆசையா என்று நான் ஆராய்வதில்லை. பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். அதுவும் சத்தமாக. எனக்கு அது போதும்.

ஆஸ்பத்திரிகளும் மாறித்தான் இருக்கின்றன. தமிழில் கதைக்கலாம் என்ற சட்டம் அந்தக் காலத்திலும் எங்கேயோ பெட்டகத்துக்குள் இருந்ததுதான். நோயாளி சொல்வதை நோயாளியின் வாயாலேயே கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். இப்போதும் சில கவுண்டர்களில் மொழிபெயர்க்கக் கூட்டத்துக்குள் ஒரு சின்னப் பிள்ளையைத் தேடுகிறார்கள். நான் கண்டால் சும்மா விடுவதில்லை.

போன வருடம் அம்மாவைச் சுகர் கிளினிக்கில் பதியக் கூட்டிப்போனேன். டொக்டர் ஒரு சிங்களப் பெண், என் முதல் மாணவிகளின் வயது. திரையை இழுத்து மூடிவிட்டு, தமிழில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, முன்பு ஏதாவது ஒப்பரேஷன் செய்ததா என்று அம்மாவைக் கேட்டார். பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்காலில் கையை வைத்தார்.

"ஓம். கர்ப்பப்பை எடுத்தது. பீரியட்ஸ் இருவது நாள் போனது. கனநாள் ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை."

வெளியே வாங்கில் இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்தபோது, இருபத்தைந்து வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"அம்மா, அண்டைக்கு நான் மாத்திச் சொன்னதுக்கு ஏன் ஒரு நாளும் ஏசேல்லை?"

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை.

"எதுக்கு ஏசுறது? எனக்கும் விளங்கினதுதானே."

"என்ன விளங்கினது?"

"டொக்டர் கேட்டது. நாள் தவறாமல் மீன்காரனோட மல்லுக்கட்டினனான், எனக்கு அவ்வளவு சிங்களம் விளங்காதோ? முதல் நாளே விளங்கினது. மாமாமார் பின்னால நிண்டவை. நீ சாப்பாடு எண்டு கேட்ட உடன எனக்கு அப்பாடா எண்டு இருந்தது. அடுத்த முறையும் நீ அப்பிடித்தான் கேக்கவேணும் எண்டு பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு வந்தனான்."

எனக்கு முதலில் வந்தது கோபம். அம்மாவைக் கொல்லப் பார்த்தவள் என்று என்னை நானே எத்தனை இரவு சொல்லியிருப்பேன். பிறக்காத ஒரு தம்பிக்குக்கூட மனதுக்குள் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

"ஒரு சொல் சொல்லியிருக்கலாமே அம்மா."

"அதைச் சொல்ல இன்னும் வெக்கமாக் கிடந்தது."

நான் அழுதுவிட்டேன். நாற்பதை நெருங்குகிற ஒரு ரீச்சர், கூட்டமான ஆஸ்பத்திரி வாங்கில், மூக்கைச் சீறிச் சீறி அழுதேன். அந்தப் பக்கமாக வந்த தாதி நின்று, இவருக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று சிங்களத்தில் அம்மாவைக் கேட்டார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற குரலில், சிங்களத்திலேயே பதில் சொன்னார்.

"வருத்தக்காரி நான். இவள் என்ர மகள். சின்ன வயசில இவளைப் பொய் சொல்ல விட்டிட்டு நான் பேசாமல் இருந்திட்டன். இவளில ஒரு பிழையும் இல்லை."