பாவுக்கு அடியில் ஓர் இடம்

செவிலிமேட்டில் நான் சம்பாதித்துக் கட்டிய மூன்று மாடி வீட்டில், சுவரளவு டிவியில் பேரன் பொம்மைப் படம் பார்க்கிறான். மழையில் முயலும் கரடியும் ஒரே குடைக்குள் நிற்கின்றன. நனைந்துகொண்டு வாத்துக்குஞ்சு வர, முயல் அதற்கு இடம் கொடுக்கிறது. பேரன் கைதட்டுகிறான். நான் கரடியைத்தான் பார்க்கிறேன்.

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அன்று எனக்கிருந்த ஒரே சொத்து என் சிநேகிதன் ஏழுமலை. காலையில் தறியில் ஏற்றும் பட்டுப் பாவை, அந்த நெடுக்கு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். அதற்கடியில் நாங்கள் படுத்துக்கொள்வோம். வெயில் அரக்கு நிறமாக முகத்தில் விழும், இழைக்குப் போட்ட கஞ்சி வாசனை அடிக்கும்.

"தலய தூக்காதீங்கடா, இழை அறுந்துது, தோல உரிச்சிடுவேன்!" என்பார் அவன் அப்பா.

ஐயம்பேட்டையிலிருந்து எங்கள் வயது முனுசாமி அதே தெருவுக்குக் குடிவந்தான். விரலை மடித்துச் சீட்டி அடிப்பான்.

"கொஞ்சம் நவுந்துக்கோபா, அவனும் வரட்டும்" என்றான் ஏழுமலை. நகர்ந்தேன். தினமும் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் நான் வெயிலில் கிடந்தேன். உள்ளே இரண்டு பேரும் சிரித்தார்கள்.

போன வாரம் தன் பேத்தி கல்யாணப் பத்திரிகை வைக்க ஏழுமலை வந்தான். ஸ்கூட்டரில் பின்னால் முனுசாமி! சோபாவிலும் ஒட்டியே உட்கார்ந்தார்கள். நான் போய் நடுவில் உட்கார்ந்தேன்.

"இவ்ளோ பெரிய வூட்ல உனக்கு வேற எடமே இல்லியாபா?" என்றான் முனுசாமி.

"நீ நவுந்துக்கோ" என்றேன்.