நிதானத்துக்கு ஐந்து புத்தகங்கள்

திருச்சுழி கடைவீதியில் பைப்பு, பெயிண்டு, மோட்டார் சாமான் விற்கும் நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சி, ஐம்பது வயது தாண்டும்வரை பதறிப் பதறியே வாழ்ந்த மனிதர். பரளச்சியிலிருந்து அப்பாவோடு வந்து கடை போட்ட நாளிலிருந்தே அப்படித்தான். நின்றுகொண்டே சாப்பிடுவார், நடந்துகொண்டே சட்டைப் பொத்தான் போடுவார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும்போது இவர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். தன்னுடைய கல்யாணத்தன்றே மத்தியானம் லோடு வருகிறது என்று மணவறையிலிருந்து நழுவப் பார்த்தவர் என்று அவருடைய மனைவி அனுசியா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். அவர் மறுத்ததில்லை, மறுக்க நேரம் இருந்ததில்லை.

அப்படிப்பட்டவருக்குப் போன சித்திரையில் கடையில் வைத்தே நெஞ்சு அடைத்தது. அருப்புக்கோட்டைக்கு ஆட்டோவில் கொண்டு போனார்கள். வழியெல்லாம் அனுசியாவின் மடியில் தலை வைத்துக் கிடந்தவருக்கு ஒரே ஒரு நினைப்புத்தான். இவளோடு ஒரு பொழுது சும்மா உட்கார்ந்து பேசியதில்லையே, பெண்ணைக் கட்டிக்கொடுத்துக் கோயம்புத்தூருக்கும் அனுப்பியாகிவிட்டதே, இனி எப்போது உட்காரப் போகிறேன் என்று மனுஷன் குலுங்கிக் குலுங்கி அழுதார். இதில் கேலிக்கு இடமில்லை. அந்த அழுகை சத்தியமானது.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் அது வாயுத் தொல்லை. முந்தின ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவின் வேலை. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "கொஞ்சம் நிதானமா இருங்க அண்ணாச்சி" என்றார். வேறு யாராவது இருந்தால் மாத்திரையை முழுங்கிவிட்டு டாக்டர் சொன்னதை மறந்திருப்பார்கள். அண்ணாச்சி மாத்திரையை மறந்துவிட்டு டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டார்.

நிதானம் எங்கே கிடைக்கும் என்று செல்போனில் தேடினார். சும்மா சொல்லக்கூடாது, வெயில் காலத்துத் திருச்சுழியில் அது தேடாமலே கிடைக்கும். மத்தியானம் ஆனால் பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கிவிடும். மழை வந்தால் விதைப்போம், வராவிட்டால் பார்ப்போம் என்று கரிசல் காடே மல்லாந்து கிடக்கும். ஆனால் இலவசமாகக் கிடைப்பதை நம்ம ஆள் என்றைக்கு மதித்தான்? மதுரையில் ஒரு குளிர்சாதன மண்டபத்தில் 'நிதான வாழ்க்கை' முகாம் நடந்தது. அண்ணாச்சி விடிவதற்கு முன்பே பஸ்ஸைப் பிடித்து, இடம் பிடிக்க ஓடி, முதல் வரிசையில் மூச்சிரைக்க உட்கார்ந்தார். சாயங்காலம் திரும்பும்போது கையில் ஐந்து ப்ளானர் புத்தகங்கள் இருந்தன. நீலம் தொழிலுக்கு, பச்சை குடும்பத்துக்கு, ஆரஞ்சு உடம்புக்கு, ஊதா மனசுக்கு, மஞ்சள் நன்றி சொல்வதற்கு. கூடவே ஐந்து நிறத்தில் பேனாவும், தூங்குகிற பூனை, துளிர்விடும் இலை என்று ஒட்டுவதற்கு ஸ்டிக்கர்களும்.

"எல்லாத்தையும் ஒரே புத்தகத்துல எழுதுனா என்ன?" என்று கேட்டாள் அனுசியா.

"அப்படி எழுதுனா வாழ்க்கை கலங்கிப் போகுமாம். பேலன்ஸு வேணும்ல."

"அஞ்சையும் எழுதி முடிக்கிறதுக்குள்ள பொழுது அடைஞ்சு போகுமேங்க."

"அதுக்குத்தான் எழுதுறதுக்கும் ஒரு நேரம் ஒதுக்கிருக்கேன்" என்றார் அண்ணாச்சி. நீலப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் 'புத்தகம் எழுதுதல்' என்று கட்டம் போட்டிருந்தது.

அந்த மண்டபத்துக்காரர்களுக்கு ஊர் நடப்பு தெரியாது. ஒவ்வொரு நாளையும் காலை முதல் ராத்திரி வரை கட்டம் கட்டமாகப் பிரித்துக் கொடுத்தவர்கள், ராகு காலத்தையும் எமகண்டத்தையும் அச்சடிக்க மறந்துவிட்டார்கள். அண்ணாச்சி சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்து ஐந்து புத்தகத்திலும் சிவப்பு மையால் அவற்றை அடைத்தார். அடுத்து ஒரு சந்தேகம் வந்தது. ஓய்வு எடுப்பது நல்ல காரியமா, கெட்ட காரியமா? நல்ல காரியம் என்றால் ராகு காலத்தில் ஓய்வைத் தொடங்கக்கூடாது. இதை யோசித்தே இரண்டு நாள் தூக்கம் கெட்டது. குளிகை நேரத்தில் செய்வது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள் அல்லவா, அதனால் 'அனுசியாவுடன் உட்காருதல்' என்பதைக் குளிகையில் போட்டார். செவ்வாய்க்கிழமை குளிகை உச்சிப்பொழுதில் வந்தது, அவள் உலை வைக்கிற நேரம். வெள்ளிக்கிழமை காலையில் வந்தது, தெருக்குழாயில் தண்ணீர் வருகிற நேரம். பஞ்சாங்கமும் அனுசியாவும் ஒத்துப்போகாததால், கடைசியில் தினமும் மாலை ஆறரை என்று பச்சைப் புத்தகத்தில் எழுதினார்.

கடையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கல்லாவில் அனுசியா உட்கார்ந்தாள். சாமான் எடுத்துக் கொடுக்கும் உக்கிரபாண்டி, அண்ணாச்சியைக் கேட்கவேண்டியதை எல்லாம் அக்காவிடம் கேட்கப் பழகிக்கொண்டார். ஒரு நாள் வெள்ளாமை பார்க்கும் சம்சாரி ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்து, "அண்ணாச்சி, புட்வால்வு ஒண்ணு குடுங்க, மோட்டாரு தண்ணி எடுக்க மாட்டேங்குது, செடி காயுது" என்றார். ஊதாப் புத்தகத்தில் மூழ்கியிருந்த அண்ணாச்சி தலை நிமிர்ந்து, "மொதல்ல உக்காருங்க. கண்ண மூடிக்கிட்டு மூச்ச நல்லா இழுத்து விடுங்க" என்றார்.

"எனக்கு மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. வால்வுதான் போச்சு."

அவருக்கு அனுசியாதான் எழுந்து போய் வால்வை எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டிலும் இதே கதைதான். அனுசியா காபி கொண்டுவந்து வைப்பாள். அண்ணாச்சி மஞ்சள் புத்தகத்தைத் திறந்து, 'இன்று அனுசியா அன்போடு தந்த காபிக்கு நன்றி' என்று அழகான கையெழுத்தில் எழுதி, ஒரு பூனையை ஒட்டி, மை காயும்வரை ஊதுவார். காபியில் ஏடு படிந்திருக்கும். அவள் அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய்ச் சத்தமில்லாமல் சூடு பண்ணிக் கொண்டுவருவாள். அதற்கும் நன்றி எழுதவேண்டுமா என்று அவர் யோசிப்பார்.

ஒரு நாள் பச்சைப் புத்தகம் திறந்து கிடந்தது. ஆறரைக் கட்டத்தில் வரிசையாக டிக் அடித்திருப்பதை அனுசியா பார்த்துவிட்டாள்.

"என்னோட உக்காந்ததா டிக் அடிச்சிருக்கீகளே, எங்க உக்காந்தீக?"

"இங்கதான். நீ வாசல்ல பூக் கட்டிக்கிட்டு இருந்த, நான் இந்த நாற்காலியில இருந்தேன்ல?"

"நீங்க எழுதிக்கிட்டு இருந்தீக."

"உக்காந்துக்கிட்டுத்தானே எழுதுனேன்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஆட்டோவில் தன் மடியில் கிடந்து அழுத மனுஷன் பிழைத்து வந்தால் இனிமேல் கொஞ்சம் பேச்சுத் துணை இருக்கும் என்று அவளும் நம்பியிருந்தாள். பதறிக்கொண்டு திரிந்த காலத்தில்கூட வாசலைத் தாண்டும்போது இரண்டு வார்த்தை பேசுவார். இப்போது அதுவும் போயிற்று.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் சுகப்பிரியா ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேருமாப் போயி ஒரு மாசம் இருந்துட்டு வருவோங்க. கடைய உக்கிரபாண்டி பாத்துக்கிடட்டும்" என்றாள் அனுசியா. அண்ணாச்சி ஐந்து புத்தகத்தையும் விரித்துப் போட்டுப் பார்த்தார். "ஆவணி வரைக்கும் கட்டம் நெறஞ்சு கெடக்கே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. 'எதுவும் செய்யாமல் இருத்தல்' என்றே பல கட்டங்கள் நிறைந்திருந்தன.

"அப்ப வர்ற வெள்ளிக்கிழமை நான் மட்டும் போறேங்க" என்று அவள் சொன்னபோது, "ம்" என்றார். மறுநாள் மறுபடியும் சொன்னாள். அதற்கும் "ம்". அந்த இரண்டு "ம்"முக்கும் இடையில் அவர் ஆரஞ்சுப் புத்தகத்தில் எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தோம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது பச்சைப் புத்தகத்தைப் பார்த்து, "ஏ அனுசியா, நாளைக்குச் சாயங்காலம் கோயிலுக்கு வாரியா?" என்று கேட்டார். வாசித்தார் என்று சொல்லலாம். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை காலை, அண்ணாச்சி மேஜையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அனுசியா தோளில் பையோடு நிலைப்படி அருகே வந்து நின்றாள். அவர் நிமிர்வாரா என்று பார்த்தாள். அப்புறம் சொன்னாள்:

"வாரேன்."

அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. ராத்திரி கேட்ட கேள்விக்குப் பெண்டாட்டி பதில் சொல்லிவிட்டாள்! "சரி சரி, சந்தோசம்" என்றார், தலை நிமிராமலே. பச்சை மையில் 'அனுசியா வருகிறாள்' என்று எழுதினார். துளிர்விடும் இலை ஒன்றை ஒட்டினார். அந்தச் 'சந்தோசம்' அவள் காதில் எப்படி விழுந்திருக்கும்?

வீட்டை விட்டுக் கிளம்புகிற நேரத்தில் எவரும் நம்ம பக்கத்தில் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். அது ஆகாத வார்த்தை. மதுரைக்குப் போனாலும் மலேசியாவுக்குப் போனாலும் 'வாரேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். பேசத் தொடங்கிய குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் எந்த 'வாரேன்' என்று தெரிந்துகொள்ள ஆளின் முகத்தைப் பார்க்கவேண்டும், கையில் இருக்கும் பையைப் பார்க்கவேண்டும். அண்ணாச்சி இரண்டையும் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்கும் வீட்டுக்குப் போகாமல் கடையிலேயே இருந்தவர், சாயங்காலம் அங்கேயே வெள்ளை வேட்டி கட்டி, சென்ட் அடித்துக்கொண்டு கோயில் வாசலுக்குப் போனார். கல்லாவில் அவள் இல்லாததை, கோயிலுக்குப் புறப்பட வீட்டில் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். ஐந்து புத்தகத்தையும் கொண்டுபோகவில்லை, பச்சை மட்டும்தான் கையில். பூக்கடையில் ஒரு முழம் மல்லிகை வாங்கி இலையில் மடித்து வைத்துக்கொண்டார். விளக்கு வைத்தார்கள், மணி அடித்தார்கள், தீபாராதனை முடிந்தது. வருகிற பெண்களை எல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வந்தவள், பூவும் கையுமாக நிற்கிற மனுஷனைப் பார்த்து நின்றாள்.

"யாரத் தேடுறீக?"

"அனுசியா இன்னும் வரக் காணமே மதினி. வாரேன்னு சொன்னாளே."

"காலையிலேயே பஸ்ஸு ஏறிட்டாளேப்பா, மக வீட்டுக்கு. இந்நேரம் போய்ச் சேந்திருப்பா. ஒங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன்னாளே?"

"வாரேன்னுதான் சொன்னா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். சொன்னது என்னவென்று அப்போதுதான் உறைத்தது. கோயில் சுவரோரம் போய் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவள் அவரை விட்டுத் தனியாக ஊருக்குப் போனதில்லை. வழியனுப்ப எழுந்துகூட நிற்கவில்லையே என்று நினைத்ததும் ஆட்டோவில் வந்த அதே அழுகை வந்தது. இந்தத் தடவை சாய்ந்துகொள்ள மடி இல்லை.

போன் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"அனுசியா... நான் கவனிக்கலம்மா. தப்பா வெளங்கிக்கிட்டேன். கோயில் வாசல்ல பூவ வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சாப்பிட்டீகளா?" என்றாள்.

"இல்ல. நீ இல்லாம வீடே வேண்டாம்னு இருக்கு. நானும் அங்கனயே வந்துர்றேன்."

"நெசமாவா?" அவள் குரல் மாறிவிட்டது. புதுப் பெண்ணின் குரல்போல இருந்தது. "அப்ப நாளைக்கே பஸ்ஸு ஏறுங்க. மாப்பிள்ளைய ஸ்டாண்டுக்கு வரச் சொல்றேன். ஏறிருவீகளா?"

"நாளைக்கா?" என்றார் அண்ணாச்சி. "ஒரு நிமிசம் இரு."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். மல்லிகைப் பொட்டலத்தைத் தரையில் வைத்தார். கோயம்புத்தூரில் இருந்தவளுக்குத் தாள் புரளுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"மெதுவா பாத்துச் சொல்லுங்க" என்றாள் அனுசியா. "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."