எடுப்பதற்கு முன் ஒரு பார்வை

டாக்டரின் கணினித் திரையில் அண்ணனின் வலது சிறுநீரகம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. அதன் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. ஊசி வழியாக ஏற்றிய மருந்து எல்லா இடத்தையும் நிரப்பிவிட்டு, அங்கே மட்டும் நுழைய முடியாமல் நின்றிருந்தது. அண்ணி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அண்ணனோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனார். பினாங்கின் பாயான் லெப்பாஸில் சிப் தயாரிக்கும் தொழிற்சாலையில் அவருக்குத் தரப் பரிசோதனை வேலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தே தலை நரைத்தவர். அன்றும் யாருடைய சிறுநீரகத்தையோ பரிசோதிப்பது போலத்தான் பார்த்தார்.

இதன் ஆரம்பம் சிரிப்பாக இருந்தது. சிறுநீர் சிவப்பாகப் போனபோது அண்ணன் பழியை டிராகன் பழத்தின் மேல் போட்டார். பினாங்கில் சிவப்பு டிராகன் பழம் தின்றுவிட்டு மறுநாள் கழிப்பறையில் திடுக்கிடாதவர் யார்? நாங்களும் நம்பிவிட்டோம். அவர் மட்டும் பழத்தை நிறுத்திவிட்டுப் பொறுத்துப் பார்த்தார். சிவப்பு நிற்கவில்லை. "பழம் இல்லலா, வேற என்னமோ" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுத் தாமே கிளினிக்குக்குப் புறப்பட்டார். வேலையிலும் இப்படித்தான். ஒரு தட்டு சிப் கெட்டுவிட்டது என்று மற்றவர்கள் ஒதுக்கினால், "மொதல்ல நான் பாக்குறேன், அப்புறம் ரிஜெக்ட் பண்ணுங்க" என்பாராம். மேலாளருக்கு எரிச்சல் வருமாம். வராதா பின்னே? அவரோடு பாசாருக்கு மீன் வாங்கப் போனவர்களைக் கேட்டால் தெரியும்.

டாக்டருக்கு எங்களுக்கு மகளாகும் வயது. எதையும் மறைக்காமல் பேசினார். "புற்றுநோயாத்தான் இருக்கும் அங்கிள். நேரா கிட்னியையும் அதோட குழாயையும் எடுத்துடலாம். இல்லன்னா மொதல்ல கீழேருந்து மெல்லிசா ஒரு கேமரா விட்டுப் பார்த்து, கொஞ்சம் கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்பலாம். ஆனா அப்படிப் பார்த்தா, அந்தக் கெட்ட செல்லு மூத்திரப்பையில போய் ஒட்டிக்கிற ரிஸ்க் கூடும்." அண்ணனின் இடது சிறுநீரகம் கல் அடைத்துச் சுருங்கிப் பல காலம் ஆயிற்று. வலதையும் எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுக்க டயாலிசிஸ்தான். கட்டி சாதுவான வகையாக இருந்தால் மட்டும், லேசரால் எரித்துவிட்டுச் சிறுநீரகத்தை வைத்துக்கொள்ளலாம்.

சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் "எடுத்துருங்க" என்றார்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். உடம்புக்குள் புற்றுநோயை வைத்துக்கொண்டு என்ன ஆராய்ச்சி என்று எனக்குக் கோபம். அண்ணன் எல்லாரையும் பேசவிட்டுக் கடைசியில் டாக்டரிடம் சொன்னார்: "பாக்காம எடுக்க வேணாம் டாக்டர். ரிஸ்க்கு எனக்குப் புரியுது." அதோடு விட்டாரா? தூங்கவைக்காமல் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்ய முடியுமா, திரையைத் தம் பக்கம் திருப்ப முடியுமா என்றும் கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். மயக்க மருந்து நிபுணரைக் கலந்து பேசி, அதற்கும் சம்மதித்தார்.

கேமரா விட்டுப் பார்த்த அன்று மாலை, உள்ளே கண்டதை அண்ணன் வார்டில் எங்களுக்கு விவரித்தார். இளஞ்சிவப்பாக ஒரு குகை. அதன் சுவரில் தண்ணீரில் ஆடும் பாசி போல ஒன்று அசைந்ததாம். "அழகா இருந்துச்சு. அதான் பயமா போச்சு" என்றார். அவர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பரிசோதனை முடிவு எங்களுக்குச் சாதகமாக வரவில்லை. வேகமாகப் பரவக்கூடிய வகை. லேசர் பேச்சுக்கே இடமில்லை. "சாரி அங்கிள்" என்று டாக்டர் தயங்கியபோது அண்ணன்தான் அவரைத் தேற்றினார். "ஒங்க மேல என்ன தப்பு? பாத்தாச்சு. இனி எடுத்துருங்க." சம்மதப் படிவத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆனால் கீழே வந்து காரில் ஏறியதும், சாவியைக் கையில் வைத்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. பின்னால் இருந்த அண்ணியும் நானும் தேம்பி அழுதோம். இதைவிடப் பெரிய துணிச்சலை நான் கண்டதில்லை.

இப்போது சுங்கை பினாங்கில் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய்வருகிறார். மூத்திரப்பையை அவ்வப்போது சோதிக்கிறார்கள். இதுவரை நல்ல செய்திதான். போன வாரம் நான் துணைக்குப் போயிருந்தேன். கையில் ஊசி ஏற்றி, குழாய்களை மாட்டிக்கொண்டிருந்தார்கள். மனதில் கிடந்ததை அன்றுதான் கேட்டேன்.

"பாத்ததுல என்னண்ணே ஆச்சு? கடைசில எடுக்கத்தானே செஞ்சாங்க?"

அண்ணன் கோபப்படவில்லை. "பாக்காம எடுத்திருந்தா, இங்க வந்து படுக்குறப்ப எல்லாம், ஒருவேள அது நல்ல வகையா இருந்திருக்குமோ, கிட்னி தப்பிச்சிருக்குமோன்னு நெனச்சிக்கிட்டே கெடப்பேன். இப்ப அப்படி இல்லலா. படுத்தா தூங்கிடுறேன்."

இயந்திரம் ஓடத் தொடங்கியது. நர்ஸ் போர்வையை இழுத்துவிடுவதற்குள் அண்ணனிடமிருந்து குறட்டை கேட்டது.