வேலி நகரவில்லை

தேவராஜின் வீட்டை இடித்தது நான்தான். இயந்திரம் அரசுடையது, கணக்கு என்னுடையது. அந்தக் கணக்கு பிழை என்பது நான்கு நாட்களுக்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை!

நீங்கள் என்னை நம்பவேண்டும் என்று கேட்கமாட்டேன். நானே யாரையும் நம்பியவன் இல்லை...

தாம்பரத்துக்கு மேற்கே, ஒரு கருங்கல் குன்றின் அடியில் சின்ன ஏரி. மழை பிடித்தால் பாறையில் பதினோரு இடங்களில் நீர் வழிந்து அதில் இறங்கும், எண்ணியிருக்கிறேன். முடிச்சூர்ப் பக்கத்து வயல்களுக்கு ஒரு காலத்தில் இங்கிருந்து தண்ணீர் போனது என்பார்கள். வயல்கள் மனைகளாகிவிட்டன. மதகு துருவேறி நிற்கிறது. காலையில் குன்றின் நிழல் பாதி ஏரியை மூடியிருக்கும். ஏழரை மணிக்குள் சுருங்கிக் கரையேறிவிடும். அதற்குள் குறைந்தது நான்கு விமானங்கள் மீனம்பாக்கத்துக்கு இறங்கிவிடும். நீர்க்காகங்கள் தலைநிமிர்த்திக்கூடப் பார்ப்பதில்லை.

அழகான இடந்தான். ஆனால் நான் அழகு பார்க்கவா போனேன்? வேவு பார்க்கப் போனேன்!

முப்பத்து நான்கு வருடம் புள்ளிவிவர அலுவலகத்தில் இருந்தவன் நான். எங்கள் காலனி நடைக்குழுவில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர். எனக்கு அவர்கள் வைத்த பெயர் 'மீட்டர் சார்'. கேலிதான்... ஆனாலும் உள்ளூர எனக்கு அதில் எத்தனை பெருமை!

மதகுக்கும் பாறைமேட்டுக்கும் நடுவே, கரையோரம் தேவராஜின் ஓட்டுவீடு. வலைபோட்டு ஏரி மீன் பிடித்து விற்பவர். வீட்டைச் சுற்றி முள்வேலி. வேலியை ஒட்டித்தான் நடைபாதை வளைந்து போகும். ஏரிப் பொறுப்பிலிருந்த அதிகாரி அவரிடம் முன்பே சொல்லியிருந்தார்: இருக்கிறபடி இருந்தால் தொந்தரவில்லை, ஓரடி கூட்டினாலும் வீட்டையே எடுத்துவிடுவோம் என்று.

அந்த ஓரடிக்காகத்தான் நான் காத்திருந்தேன் போலும்!

மதகிலிருந்து பாறைமேடுவரை என் காலடிகள் 412. தினமும் நோட்டில் எழுதினேன். சில மாதங்களில் 420 ஆனது. பிறகு 433. பாதை நீள்கிறது என்றால் என்ன பொருள்? வேலி வெளியே தள்ளப்படுகிறது, பாதை அதைச் சுற்றி இன்னும் வளைகிறது. வேறென்ன இருக்கமுடியும்? இரவோடிரவாக அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறான்... கள்ளன்!

ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் வலையை உதறிக்கொண்டே சிரித்தார்.

"வேலிக்கு இன்னா சார், கால் மொளைச்சிக்கீதா? நாங்க டீ குடிக்கசொல்ல அது நடந்துகினு போவுதா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி மேரியும் சிரித்தது கேட்டது. அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. இரண்டு வருடத்து எண்ணிக்கையோடு மனுக் கொடுத்தேன். கடைசி எண் 451. டேப் பிடித்து அளந்து பார்ப்பீர்களா என்று அதிகாரியைக் கேட்டேன்.

"டேப் எதுக்கு சார்?" என்றார் அதிகாரி, நோட்டைப் புரட்டியபடி. "ரெண்டு வருஷ ரெக்கார்டே கையில இருக்கே. இவ்ளோ கரெக்டா யாரும் எழுதிக் குடுத்ததில்ல." திங்கட்கிழமை எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

அதற்கு முந்தைய வியாழன். எங்கள் அடுக்ககத்தின் வாசலிலிருந்து இரும்புக் கேட்டுவரை நடந்தேன். பழக்கதோஷம், எண்ணிக்கொண்டே போனேன். எழுபது.

நின்றுவிட்டேன். நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அது அறுபத்து நான்கு!

கேட் நகருமா? சிமெண்டில் புதைத்த கேட்! திரும்ப நடந்தேன். எழுபது. மறுபடியும்... எழுபதேதான். வீட்டுக்குள் போய் விகிதம் போட்டேன். அறுபத்து நான்கு எழுபதானால், 412 எவ்வளவு ஆகும்?

451.

பாதை நீளவில்லை. வேலி நகரவில்லை. என் காலடி குறுகியிருந்தது. எனக்கு வயதாகியிருந்தது, அவ்வளவுதான்! ஏரியைச் சுற்றி வேறெந்தப் பகுதியை எண்ணியிருந்தாலும் அன்றே தெரிந்திருக்கும். ஏன் எண்ணவில்லை? அங்கெல்லாம் யார்மீதும் எனக்குச் சந்தேகம் இல்லையே!

வெள்ளிக்கிழமை அந்த அதிகாரியின் அலுவலக வாசல்வரை போனேன். இருபத்திரண்டு படிகள். ஒன்றில்கூட ஏறவில்லை. என்ன சொல்வது? 'ஐயா, என் கால் தளர்ந்துவிட்டது' என்றா? அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கூசி ஒரு குடும்பத்தின் கூரையைக் கொடுத்தேன்... நீங்களாக இருந்தால் ஏறியிருப்பீர்களா? எனக்குத் தெரியாது. நான் ஏறவில்லை.

திங்கள் காலை நடைக்குழு முழுவதும் கரையில் நின்றது. மேரி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். தேவராஜ் கூட்டத்தில் என்னைத் தேடி வந்தார்.

"சார், தெனம் இந்தாண்ட நடக்கிறவரு நீங்க. ஒரு வார்த்த சொல்லுங்க சார். எங்க வேலி நகந்துச்சா?"

கேட்டுவிட்டார்! எல்லோர் முன்னிலையிலும், என் முகத்தைப் பார்த்து!

"நோட்டில் இருப்பதுதான்," என்றேன்.

"அதான் சார் சொல்ட்டாரே," என்று அதிகாரி கையசைத்தார். ஓடுகள் சரிந்த சத்தத்தில் நீர்க்காகங்கள் எழுந்தன. அன்று மட்டும் நான் எதையும் எண்ணவில்லை.

போனவாரம் படப்பைச் சந்தையில் தேவராஜைப் பார்த்தேன். அவர் முன்னால் ஐஸ் பெட்டி, அதில் வாங்கி விற்கிற மீன். ஒதுங்கிப் போக நினைத்தேன். அதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார்.

"சார்! கால் இப்ப எப்டி கீது?"

எந்தக் கால் என்றேன்.

"அங்க கீறப்பவே பாத்தேன் சார். உங்க நடை சின்னதாயிகினே வந்துச்சு. மேரியாண்ட கூட சொன்னேன், சாருக்கு முட்டி வலி போல, கேட்டா கோச்சிக்குவாருன்னு. பாறைமேட்டாண்ட பாத்து நடங்க, வழுக்கும்."

என் நடையை அளந்து வைத்திருந்தார்! நான் காலடியை எண்ணி நடப்பதையும் தினமும் பார்த்திருக்கக்கூடும். அப்படியானால் எல்லாம் தெரிந்துதான் இதைச் சொன்னாரா? ஊசியை உள்ளே வைத்துத்தான் நலம் விசாரித்தாரா? இல்லை, நான் டேப் பிடித்து எழுதியதாகத்தான் இன்றுவரை நினைத்திருக்கிறாரா? அந்த முகத்தைத் திரும்பத் திரும்ப நினைவில் கொண்டுவந்து துழாவுகிறேன்... ஒன்றும் பிடிபடவில்லை.

அங்கேயும் நான் சொல்லவில்லை. பார்த்து நடக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

தெரிந்து சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்வேன். தெரியாமல், உண்மையாகவே என் காலுக்காகக் கவலைப்பட்டுக் கேட்டிருந்தால்...?